மின்சாரம் வருவதற்கு முன்பே வந்த பில்

2014 கோடையில் அம்மா பாளையங்கோட்டையிலிருந்து அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவுக்கு எங்களுடன் தங்க வந்திருந்தார். முதல் மாதமே கேட்டார்: "ஏய்யா, இங்க கரண்டு பில்லு மாசா மாசமா வருது?" ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க ஆள் வருவார். மீட்டரைப் பார்த்து அட்டையில் யூனிட்டை எழுதிவிட்டுப் போவார். அது பழகியவருக்கு மாதாமாதம் தபாலில் வரும் பில் புதிதாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் பில்லை விரித்துவைத்து வரிவரியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். இது அடிப்படைக் கட்டணம், இது எரிபொருளுக்கு, இது டாக்ஸ். நடுவில் ஒரு வரி இருந்தது: 'நியூக்ளியர் கன்ஸ்ட்ரக்‌ஷன் காஸ்ட் ரெகவரி'. சில டாலர்கள்தான்.

"அது என்னது?"

"அணு உலை கட்டுறாங்கம்மா. அதுக்கு."

"கூடங்குளம் மாதிரியா? ஓடுதா அது?"

"இல்லம்மா, இன்னும் அஸ்திவாரத்துல நிக்குது."

அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப இன்னும் கரண்டே வராத பிளாண்டுக்கு இப்பமே துட்டா?"

அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. அந்தக் கேள்வியால்தான் நான் இந்த விவகாரத்தைப் படிக்கத் தொடங்கினேன். மின் கட்டணம் உயரும்போதெல்லாம் 'எவ்வளவு உயர்ந்தது' என்பதே செய்தியாகிறது. அம்மா கேட்டது 'எப்போது வாங்குகிறார்கள்' என்பது. முழு விவகாரமும் அந்த 'எப்போது'வில்தான் இருக்கிறது என்று இன்றும் நம்புகிறேன்.

அட்லாண்டாவிலிருந்து கிழக்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம் காரில் போனால் பர்க் கவுண்டி வரும். அதன் தலைமை ஊர் வேய்ன்ஸ்பரோ. பருத்தி வயல்களும் பைன் மரக்காடுகளும் மாறி மாறி வரும் வறிய ஊர்ப்புறம். சவானா ஆற்றை நெருங்கும்போது மரங்களின் தலைக்கு மேலே 600 அடி உயரக் குளிர்விப்புக் கோபுரங்கள் தெரியத் தொடங்கும். அதுதான் வோக்டில் அணுமின் நிலையம். அங்கே ஏற்கெனவே இரண்டு உலைகள் 1987-லும் 1989-லும் ஓடத் தொடங்கியிருந்தன. திட்டம் போட்டபோது ஒரு பில்லியன் டாலருக்கும் குறைவாக முடிந்துவிடும் என்றார்கள். முடிந்தபோது செலவு 9 பில்லியனை நெருங்கியிருந்தது. அதே வளாகத்தில்தான் எங்கள் மின் கம்பெனியான ஜார்ஜியா பவரும் அதன் பங்காளிகளும் 2009-ல் மேலும் இரண்டு உலைகள் கட்ட முடிவெடுத்தார்கள். ஒருமுறை சுட்ட இடம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இந்த முறை பணம் கொடுக்க முன்வருபவர்களுக்குத் தைரியம் சொல்ல ஒரு சட்டம் தேவைப்பட்டது.

அமெரிக்காவில் மின்சாரக் கட்டணத்துக்கு ஒரு பழைய நெறி உண்டு. ஒரு மின் நிலையம் ஓடி, மக்களுக்குப் பயன்பட்ட பிறகே அதன் செலவைக் கட்டணத்தில் சேர்க்கலாம். அதுவரை வாங்கும் கடனும் அதன் வட்டியும் கம்பெனியின் பாடு. ஜார்ஜியா சட்டமன்றம் 2009-ல் இந்த நெறியைத் தளர்த்தியது. அணு உலை கட்டும் காலத்திலேயே, கட்டுமானத்துக்காகத் திரட்டிய பணத்தின் செலவை வாடிக்கையாளர்களிடம் வாங்கிக்கொள்ளலாம் என்றது. 2011 ஜனவரி முதல் அந்த வரி பில்லில் ஏறியது. அண்டை மாநிலமான தென் கரோலினா இன்னும் முந்திக்கொண்டு 2007-லேயே இப்படியொரு சட்டம் போட்டிருந்தது.

பணத்தின் செலவு என்றால் வங்கிக் கடனுக்கான வட்டி மட்டும் இல்லை. கம்பெனியின் பங்குதாரர்கள் போட்ட பணத்துக்கான லாபமும் அதில் சேரும். அந்த லாபத்தின் மேல் கட்டவேண்டிய வருமான வரியும் சேரும். ஒரு யூனிட் கூட உற்பத்தி ஆகாத நிலையத்துக்கு முதல் போட்டவர்களின் லாபத்தை, குளிர்சாதனப் பெட்டியும் விளக்கும் வைத்திருக்கிற எல்லா வீடுகளும் மாதாமாதம் கட்டின.

கம்பெனியின் நியாயத்தையும் கேட்க வேண்டும். அதில் சாரம் இருக்கிறது.

100 கோடி கடன், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, முழுப் பணத்தையும் முதல் நாளே வாங்கியதாக நினைத்துக்கொள்வோம். கட்டி முடிக்க 7 ஆண்டு. நடுவில் வட்டியே கட்டாவிட்டால் வட்டிக்கு வட்டி ஏறி, நிலையம் ஓடத் தொடங்கும் நாளில் கடன் 195 கோடி ஆகியிருக்கும். ஆண்டுதோறும் 10 கோடி வட்டியைக் கட்டிக்கொண்டே வந்தால் 7 ஆண்டில் 70 கோடி போயிருக்கும். அசல் 100 கோடி அப்படியே நிற்கும். மொத்தம் 170. ஆக, வாடிக்கையாளர்கள் இப்போதே வட்டியைக் கட்டிவிட்டால் பிற்பாடு அவர்களுக்கே மிச்சம். கட்டணமும் ஒரே நாளில் எகிறாமல் படிப்படியாக ஏறும். இதுதான் கம்பெனியின் வாதம். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை.

ஆனால் அந்த ஆண்டுக்குப் பத்துக் கோடியை வீடுகள் எங்கிருந்து எடுக்கின்றன? மின் கம்பெனிக்குக் கிடைக்கும் வட்டிக்கு ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு யாரும் கடன் தருவதில்லை. மாதக் கடைசியில் கையைக் கடித்தால் கிரெடிட் கார்டில் 20 சதவீதத்துக்குத் தேய்க்கிற குடும்பத்திடம், கம்பெனியின் 10 சதவீத வட்டியை மிச்சப்படுத்துவதற்காகப் பணம் வாங்குவது யாருக்கு லாபம்? 2011-ல் எழுபது வயதாகியிருந்தவர், இந்த உலைகளின் மின்சாரத்தைப் பார்க்காமலே போயிருக்கலாம். நான்கு ஆண்டு வாடகைக்கு இருந்துவிட்டு வேறு மாநிலத்துக்குப் போன குடும்பமும் தன் பங்கைக் கட்டிவிட்டுத்தான் போனது. அவர்களுக்குக் கடன் பத்திரமும் கிடையாது, பங்குப் பத்திரமும் கிடையாது.

அதைவிடப் பெரிய சிக்கல் அந்த '7 ஆண்டு' என்பதில் இருக்கிறது. அதே கணக்கில் 7-ஐ அடித்து 14 என்று போடுங்கள். வட்டி கட்டாமல் விட்ட கடன் 380 கோடி ஆகும். பழைய நெறிப்படி இந்தச் சுமை முழுக்கக் கம்பெனியின் தலையில் இருக்கும். வங்கி கழுத்தைப் பிடிக்கும். பங்குச் சந்தை கேள்வி கேட்கும். எப்படியாவது முடி, இல்லையென்றால் விட்டுவிடு என்ற நெருக்கடி தினமும் இருக்கும். வட்டியை மாதாமாதம் வேறு யாரோ கட்டிவிடும்போது அந்த நெருக்கடியின் வேகம் தணிந்துவிடுகிறது. தாமதத்தின் வலி யாருக்குத் தெரியவேண்டுமோ அவருக்குத் தெரியாமல் போகிறது.

இதோடு, தனியார் மின் நிறுவனங்களுக்கு லாபம் எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நிலக்கரிக்கும் எரிவாயுவுக்கும் ஆகும் செலவை அவை அப்படியே வாடிக்கையாளரிடம் வாங்கிக்கொள்கின்றன. அதில் லாபம் கிடையாது. லாபம் வருவது முதலீட்டில். கட்டிய நிலையம், இழுத்த கம்பி, நட்ட கம்பம் இவற்றில் போட்ட பணத்துக்கு ஆணையம் ஒரு லாப விகிதத்தை அனுமதிக்கிறது. ஜார்ஜியா பவர் நிறுவனத்துக்கு 2022-ல் நிர்ணயித்த விகிதம், பங்கு முதலீட்டின் மேல் 10.5 சதவீதம். அப்படியானால் 10 ரூபாயில் முடியும் வேலையை 20 ரூபாயில் முடித்தால் லாபம் வரும் அடித்தளமும் இரட்டிப்பாகும். இதைத் தடுக்க வேண்டியவர் ஒருவர்தான்: செலவை வரிவரியாகப் பார்த்து 'இது நியாயம், இது நியாயமில்லை' என்று வெட்டுகிற ஒழுங்குமுறை ஆணையம். ஜார்ஜியாவில் அந்த ஆணையத்தின் 5 உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். இது பின்னால் முக்கியமாகிறது.

நம் ஊர் நிலவரத்தை இங்கே ஒரு வரி சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் ஒரு மின் நிலையம் வணிக உற்பத்தி தொடங்கிய நாளிலிருந்துதான் அதன் விலை கட்டணத்துக்குள் வருகிறது. கூடங்குளத்தில் கட்டுமானம் தொடங்கியது 2002-ல். முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014 டிசம்பர் 31-ல். இடைப்பட்ட 12 ஆண்டுகளில் பாளையங்கோட்டை அட்டையில் கூடங்குளத்துக்கென்று தனி வரி எதுவும் ஏறவில்லை. அம்மாவின் வியப்பு அங்கிருந்து வந்தது. ஆனால் கட்டுமான காலத்து வட்டி எங்கும் ஆவியாகிப் போய்விடுவதில்லை. அது மூலதனச் செலவோடு சேர்ந்து, பிற்பாடு யூனிட் விலைக்குள் வந்து உட்காருகிறது. அனல் மின் நிலையங்களில், தாமதத்துக்குக் கட்டியவரே காரணம் என்று தெரிந்தால் அந்தக் காலத்து வட்டியை ஆணையம் தள்ளுபடி செய்ய விதிகளில் இடம் இருக்கிறது. முன்கூட்டியே வாங்கிவிட்ட பணத்தில் அப்படித் தள்ளுபடி செய்ய என்ன மிச்சம் இருக்கும்?

வோக்டிலில் 3-ஆவது, 4-ஆவது உலைகள் 2016-லும் 2017-லும் ஓடும் என்றார்கள். எல்லாப் பங்காளிகளுக்கும் சேர்த்து மதிப்பிட்ட செலவு 14 பில்லியன் டாலர். இதில் ஜார்ஜியா பவரின் பங்கு 45.7 சதவீதம், மீதி கூட்டுறவு மின் சங்கங்களுக்கும் நகராட்சிகளுக்கும். உலைகள் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் ஏபி-1000 வகை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,100 மெகாவாட். 2012 பிப்ரவரியில் மத்திய அரசின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் உரிமம் கொடுத்தது. அமெரிக்காவில் 1978-க்குப் பிறகு புதிய அணு உலை கட்டக் கிடைத்த முதல் அனுமதி அது. ஐவரில் நால்வர் ஆதரிக்க, ஆணையத்தின் தலைவர் கிரிகரி யாஸ்கோ ஒருவர் மட்டும் ஃபுகுஷிமாவின் பாடங்களைக் கட்டாயமாக்காமல் உரிமம் தரக்கூடாது என்று எதிர்த்து வாக்களித்தார்.

ஏபி-1000-இன் சிறப்பு, பெரிய பெரிய துண்டுகளாகத் தொழிற்சாலையில் செய்து, தளத்துக்குக் கொண்டுவந்து பொருத்திவிடலாம் என்பது. லெகோ விளையாட்டைப் போல என்று விளக்கினார்கள். அந்தத் துண்டுகளைச் செய்ய லூசியானா மாநிலத்து லேக் சார்ல்ஸில் ஒரு ஆலை அமைத்தார்கள். அங்கே பற்றவைப்பும் ஆவணங்களும் அணுத்துறைத் தரத்துக்குச் சரியாக வரவில்லை. வந்த துண்டுகளைத் தளத்தில் மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது. வோக்டிலில் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே, அடித்தளத்தில் கட்டிய கம்பி உரிமம் பெற்ற வரைபடத்தோடு பொருந்தவில்லை என்று 2012-ல் கண்டுபிடித்தார்கள். வீட்டுக்கு ரூஃப் கான்கிரீட் போடும்போது கம்பி கட்டியதில் தவறென்றால் மேஸ்திரி அன்றைக்கே அவிழ்த்துக் கட்டிவிடுவார். அணு உலையில் அதற்கு உரிமத்தையே திருத்த வேண்டும், மாதக்கணக்கில் போகும். வரைபடம் முழுதாக முடியாமலே வேலையைத் தொடங்கியதுதான் ஆணிவேர். ஒன்று தவறினால் அதற்கடுத்த பத்தும் காத்து நின்றன. 2013 மார்ச்சில்தான் முதல் கான்கிரீட் விழுந்தது.

2017 மார்ச் 29-ஆம் தேதி வெஸ்டிங்ஹவுஸ் திவால் மனு கொடுத்தது. நிலையான விலைக்கு ஒப்புக்கொண்ட வேலையில் இழப்பு தாங்கமுடியவில்லை. அதன் தாய் நிறுவனமான ஜப்பானின் தோஷிபாவே ஆட்டம் கண்டது. ஒரே வகை உலையைக் கட்டிக்கொண்டிருந்த இரண்டு மாநிலங்களும் ஒரே நாளில் ஒரே கேள்வியின் முன் நின்றன: தொடர்வதா, விடுவதா?

தென் கரோலினா விட்டுவிட்டது. அங்கே ஜென்கின்ஸ்வில் என்ற சிற்றூருக்கு அருகே வி.சி. சம்மர் நிலையத்தில் இரண்டு உலைகளைக் கட்டிக்கொண்டிருந்தவை, ஸ்கானா குழுமத்தின் மின் நிறுவனமும் மாநில அரசுக்குச் சொந்தமான சான்டீ கூப்பரும். 2017 ஜூலை 31 அன்று கைவிடுவதாக அறிவித்தார்கள். 5,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு வேலை போனது. அதுவரை செலவழிந்தது ஏறக்குறைய 9 பில்லியன் டாலர். வேலை பாதிகூட முடிந்திருக்கவில்லை. அதற்குள் ஸ்கானாவின் வாடிக்கையாளர்களுக்கு ஒன்பது முறை கட்டணம் உயர்ந்திருந்தது. ஒரு சராசரி வீட்டு பில்லில் 18 சதவீதம், மாதம் ஏறக்குறைய 27 டாலர், இந்த உலைகளுக்கென்றே போய்க்கொண்டிருந்தது. 2007-இன் சட்டத்தில் ஒரு வாசகம் இருந்தது: திட்டத்தைக் கைவிட்டாலும், போட்ட பணத்தை வாடிக்கையாளர்களிடம் தொடர்ந்து வாங்கக் கம்பெனி கேட்கலாம். கம்பெனி கேட்டது. 60 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்கிறோம் என்றது.

என்னை இன்றும் உறுத்துவது பெக்டெல் அறிக்கை. 2015-ல் உலையின் பங்காளிகளே பெக்டெல் என்ற பெரிய கட்டுமான நிறுவனத்தை அழைத்து, வேலை எப்படிப் போகிறதென்று பார்க்கச் சொன்னார்கள். சொன்ன தேதியில் முடியவே முடியாது என்று பெக்டெல் 2016 பிப்ரவரியில் எழுதிக் கொடுத்தது. அந்த அறிக்கை பொதுமக்களுக்கோ கட்டணத்தை நிர்ணயிக்கும் ஆணையத்துக்கோ போகவில்லை. திட்டம் செத்த பிறகு, 2017 செப்டம்பரில், ஆளுநர் ஹென்றி மக்மாஸ்டர் அதை வெளியிட்டபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. அதுவரை ஒவ்வொரு மாதமும் பில் போய்க்கொண்டிருந்தது. ஸ்கானாவின் தலைவராக இருந்த கெவின் மார்ஷ் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2021-ல் இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். அவருக்கு அடுத்த நிலையிலிருந்த ஸ்டீஃபன் பைர்னுக்கு 2023-ல் 15 மாதம்.

நிறுவனத்தை டொமினியன் எனர்ஜி 2019 ஜனவரியில் விலைக்கு வாங்கியது. கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைத்தார்கள். இருந்தாலும் ஏறக்குறைய 2.3 பில்லியன் டாலரை 20 ஆண்டுகளில் வாடிக்கையாளர்கள் கட்டித் தீர்க்க வேண்டும் என்று முடிவானது. ஜென்கின்ஸ்வில்லில் பாதியில் நின்ற கான்கிரீட்டுக்கு, அன்றைக்குத் தொட்டிலில் இருந்த குழந்தைகள் வளர்ந்து சொந்த வீடு பார்த்துத் தங்கள் பெயரில் மின் இணைப்பு வாங்கும்வரை வசூல் நடக்கும்.

ஜார்ஜியா தொடர்ந்தது. 2017 டிசம்பர் 21 அன்று மின் கட்டணத்தை நிர்ணயிக்கும் மாநில ஆணையம் வாக்கெடுத்தது. கம்பெனி கேட்ட நிபந்தனைகளில் தொடர்வது வாடிக்கையாளர்களுக்குக் கட்டுப்படியாகாது என்று ஆணையத்தின் சொந்த ஊழியர்களும் ஆலோசகர்களும் கூறியிருந்தார்கள். ஆணையம் தொடரச் சொன்னது. தாமதமாகும் அளவுக்குக் கம்பெனியின் லாப விகிதத்தைக் குறைத்து ஒரு கடிவாளமும் போட்டது. தோஷிபா பொறுப்பிலிருந்து விடுபட 3.68 பில்லியன் டாலர் கொடுத்திருந்தது. அதிலிருந்து வீட்டு வாடிக்கையாளர்களுக்கு 25 டாலர் வீதம் மூன்று முறை பில்லில் கழித்தார்கள். வெள்ளை மாளிகையில் ஆட்சி மாறினாலும் இந்தத் திட்டத்துக்கான ஆதரவு மாறவில்லை. மத்திய அரசின் கடன் உத்தரவாதம் மொத்தம் ஏறக்குறைய 12 பில்லியன் டாலர் வரை போனது.

அதன் பிறகும் ஆறேழு ஆண்டுகள் பிடித்தன. உச்சத்தில் 9,000 பேர் வேலை செய்தார்கள். நடுவில் கொரோனா வந்தது. 2021-ல் மின் கேபிள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைக்கவேண்டிய இடைவெளி சரியில்லை என்று தெரிந்து பல இடங்களில் மறுவேலை பார்த்தார்கள். 3-ஆவது உலை 2023 ஜூலை 31-லும் 4-ஆவது உலை 2024 ஏப்ரல் 29-லும் வணிக உற்பத்திக்கு வந்தன. ஏழு ஆண்டுத் தாமதம். மொத்தச் செலவு 35 பில்லியன் டாலரைத் தாண்டியது.

2023 டிசம்பரில் ஆணையம் இறுதிக் கணக்கைப் பார்த்தது. ஜார்ஜியா பவரின் கட்டுமானச் செலவில் 7.56 பில்லியன் டாலரை வாடிக்கையாளர்களிடம் வாங்க அனுமதித்தது, ஏறக்குறைய 2.6 பில்லியன் பங்குதாரர்கள் தலையில் விழுந்தது. மாதம் 1,000 யூனிட் ஓட்டும் ஒரு வீட்டுக்கு, 3-ஆவது உலை ஓடத் தொடங்கியபோதே 5 டாலர் 42 சென்ட் ஏறியிருந்தது. 4-ஆவதோடு மேலும் 8 டாலர் 95 சென்ட். அதற்கு முன், கட்டுமான காலத்தில் அந்தத் தனி வரியாகவே ஒவ்வொரு வீடும் சராசரியாக 900 டாலருக்கும் மேல் கட்டியிருந்தது.

அம்மா பாளையங்கோட்டையிலிருந்து வாட்ஸாப்பில் கூப்பிட்டபோது சொன்னேன், பிளாண்ட் ஓடத் தொடங்கிவிட்டது என்று. "அப்ப அந்த வரிய எடுத்துட்டாவளா?" என்றார். அந்த வரி போய்விட்டது, ஆனால் பில் குறையவில்லை, முன்பு வாங்கியது வட்டிக்கு, இப்போது வாங்குவது அசலுக்கு என்றேன். பழைய கூட்டுறவு வங்கி நகைக்கடன் கணக்கெல்லாம் பார்த்தவர் அவர். சட்டென்று புரிந்துகொண்டார்.

உலைகள் ஓடுகின்றன, நன்றாகவே ஓடுகின்றன. நான்கு உலைகளோடு வோக்டில் இன்று அமெரிக்காவின் மிகப் பெரிய அணுமின் நிலையம். கரி இல்லை, புகை இல்லை. எரிபொருள் செலவு குறைவு. 60 ஆண்டுகள், பராமரித்தால் 80 ஆண்டுகளும் ஓடலாம். எரிவாயு விலை எகிறும் குளிர்காலங்களில் இதன் அருமை தெரியும். 2100-இல் இங்கே வாழப்போகிறவர்கள், கடனெல்லாம் தீர்ந்த நிலையத்தின் மலிவான மின்சாரத்தை அனுபவிக்கக்கூடும். வெப்பம் ஏறிக்கொண்டே போகும் உலகில் இதைச் சிறிய விஷயமென்று நான் சொல்லமாட்டேன். ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் கொவ்வாடாவில் இதே ஏபி-1000 வகையில் ஆறு உலைகள் கட்டும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. அங்கே வேலை தொடங்கினால், வோக்டிலில் பட்ட அடிகளால் கற்றுக்கொண்டது கொஞ்சம் உதவும்.

என் கோபம் உலையின் மேல் இல்லை, பணம் வாங்கிய வரிசையின் மேல். தாமதமானாலும் கைவிட்டாலும் நட்டம் வாராத இடத்தில் முடிவெடுப்பவர்களை உட்கார வைத்துவிட்டு, முடிவெடுப்பதில் வாயே இல்லாதவர்களிடம் பணத்தை வாங்கினார்கள். இது தவறு என்று இரண்டு மாநிலச் சட்டமன்றங்களும் பிற்பாடு உணர்ந்தன. தென் கரோலினா 2018-ல் தன் முன்வசூல் சட்டத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஜார்ஜியாவும் அதே ஆண்டு, வோக்டிலுக்குப் பிறகு வேறு எந்தப் புதிய அணு உலைக்கும் இந்த வழி கிடையாது என்று கதவைச் சாத்தியது.

ஆனால் கட்டணம் ஏறுவதற்கு வேறு கதவுகள் உண்டு. 2023 தொடக்கத்திலிருந்து ஜார்ஜியா பவரின் கட்டணம் ஆறு முறை உயர்ந்தது. அணு உலை அதில் ஒரு பகுதி. எரிவாயு விலையும் மற்ற கட்டுமானங்களும் மீதி. ஒரு சராசரி வீட்டு பில் மாதம் 175 டாலரைத் தாண்டியது. மக்களுக்கு இதைப் பற்றிச் சொல்ல வாய்ப்பே இல்லாமல் இருந்தது. ஆணைய உறுப்பினர்களை மாநிலம் முழுக்க ஒரே தொகுதியாகத் தேர்ந்தெடுப்பது கறுப்பின மக்களின் வாக்குகளை நீர்க்கச் செய்கிறது என்ற வழக்கால் 2020-க்குப் பிறகு ஆணையத் தேர்தலே நடக்கவில்லை. வழக்கு முடிந்து 2025 நவம்பரில் இரண்டு இடங்களுக்குத் தேர்தல் வந்தது. பெரும்பாலான வாக்காளர்களுக்குப் பெயர்கூடத் தெரியாத பதவி. அந்த இரண்டிலும் டெமாக்ரட் கட்சியின் அலிசியா ஜான்சனும் பீட்டர் ஹப்பர்டும் 60 சதவீதத்துக்கும் மேல் வாக்குப் பெற்று, பதவியிலிருந்த இரண்டு ரிபப்ளிக்கன் உறுப்பினர்களைத் தோற்கடித்தார்கள். மாநில அரசின் மாநில அளவிலான பதவியொன்றை அந்தக் கட்சி 2006-க்குப் பிறகு வென்றது அதுவே முதல்முறை. அவர்கள் போட்டியிட்டது ஏறக்குறைய ஒரே விஷயத்தை வைத்து: கரண்ட் பில்.

அவர்கள் பதவியேற்பதற்குச் சில நாட்கள் முன்பு, 2025 டிசம்பர் 19 அன்று, பழைய ஆணையம் இன்னொரு முடிவெடுத்துவிட்டது. ஏறக்குறைய 10,000 மெகாவாட் புதிய மின் உற்பத்திக்கு ஐந்து பேரும் ஒருமனதாக ஒப்புதல் கொடுத்தார்கள். வோக்டிலின் இரண்டு புதிய உலைகளைப் போல நான்கு மடங்குக்கும் மேல். பெரும்பகுதி எரிவாயு, அதோடு பேட்டரிகள். இந்த மின்சாரத்தில் பெரும்பகுதி வீடுகளுக்குப் போகாது. அட்லாண்டாவைச் சுற்றி முளைக்கும் தரவு மையங்களுக்குத்தான் போகும். அந்தப் பெரிய வாடிக்கையாளர்கள் வந்துவிட்டால் சாதாரண வீட்டு பில்லில் மாதம் குறைந்தது 8 டாலர் 50 சென்ட் அளவுக்குச் சுமை இறங்கும் என்று கம்பெனி உறுதி சொல்லியிருக்கிறது. அவர்கள் வராவிட்டால், கட்டிவைத்த நிலையங்களின் செலவு வீடுகளின் மேல் விழுந்து மாதம் 20 டாலர் வரை ஏறலாம் என்று ஆணைய ஊழியர்களே எச்சரித்தார்கள்.

இப்போது பில்லில் தனி வரி எதுவும் இல்லை. அடிப்படைக் கட்டணத்தை 2028 வரை உயர்த்துவதில்லை என்று 2025 ஜூலையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே இப்போதைக்குப் பில்லைப் பார்த்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. பார்க்கவேண்டிய இடம் வேறு: தரவு மையங்களோடு கம்பெனி போடும் ஒப்பந்தங்கள். வாங்குவதாகச் சொன்ன மின்சாரத்தை எத்தனை ஆண்டுகளுக்குக் கட்டாயமாக வாங்க வேண்டும், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், அதற்கு முன்பணம் யார் கையில் இருக்கிறது என்பதெல்லாம் அவற்றில்தான் எழுதப்பட்டிருக்கும். 2009-ல் வீடுகளிடம் முன்பணம் வாங்கிய மாநிலம், இந்த முறை அதை யாரிடம் வாங்கியிருக்கிறது என்பதை அந்தத் தாள்களில் தேடிக்கொண்டிருக்கிறேன்.